யானைக்குப் போட்ட செருப்பு

நான் வேலை பார்க்கிற வங்கிக் கிளைக்கு மாசம் ரெண்டு தடவை ஒரு யானைப் பாகன் வருவார். தோளில் ஒரு துணிப்பை. பை நிறையச் சில்லறை. யானை தும்பிக்கையால் வாங்கி அவர் கையில் கொடுத்த காசு. வெல்லமும் வாழைப்பழமும் யானையின் சளியும் ஒட்டிப் பிசுபிசுன்னு இருக்கும். எண்ணுகிற மெஷினில் போட்டால் சிக்கிக்கொள்ளும், கையால்தான் எண்ண வேண்டும். பக்கத்துக் கவுண்டரில் உட்காரும் அம்மா, "சார், அதை இங்க தள்ளுங்க, நான் எண்றேன்"ன்னு ஆசையோடு வாங்கிக்கொள்வார். ஒரு காசைக் கண்ணில் ஒற்றி, அதற்குப் பதில் தன் பர்சிலிருந்து ஒரு காசைக் கணக்கில் போட்டுவிட்டு, யானைக் காசை முந்தானையில் முடிந்துகொள்வார். வீட்டு அரிசிப் பானைக்குள் போட்டு வைப்பாராம்.

அதே கவுண்டருக்குத் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் குழுக் கடன் கட்ட வருவார்கள். அவர்கள் ரவிக்கைக்குள்ளிருந்து எடுக்கும் நோட்டும் சில நாள் ஈரமாக இருக்கும். "டேபிள்ல வைம்மா" என்பார் அதே அம்மா. கையில் வாங்க மாட்டார். எண்ணி முடித்ததும் டிராயரைத் திறந்து சானிடைசரை எடுப்பார். கெட்டவர் இல்லை அவர். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வீட்டிலிருந்து ரசம் கொண்டுவந்து கொடுத்தவர். (நான் என்ன சாதி என்று அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்த பிறகு ரசம் நின்றுபோனது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். அப்படி நடக்கலை. ரசம் வந்தது. டம்ளர்தான் காகித டம்ளராக மாறியது.)

யானையின் சளி கண்ணில் ஒற்றிக்கொள்ள. எங்க சித்தியின் வேர்வை டேபிளில் வைக்க. இதைப் பற்றி எழுத வேண்டுமென்று ரொம்ப நாளாக நினைப்பு. கவிதையாக எழுதிப் பார்த்தேன், அடங்கலை. இப்போது எழுதியே தீர வேண்டிய கட்டாயத்தை எங்க தெருப் பையன்கள் உண்டாக்கிவிட்டார்கள்.

எங்க ஊர் திருநெல்வேலிப் பக்கம். சக்கிலியக்குடியில் நூறு வீடு கூடத் தேறாது. வருகிற காளியம்மன் கொடைக்கு யானை கொண்டுவரப் போறோம்னு பையன்கள் வரி நோட்டோடு வந்து நின்றார்கள். வாடகை யானை. லாரிக் கூலி, பாகன் படி, தீவனம் எல்லாம் சேர்த்துப் பெரிய தொகை. "பேங்க்ல இருக்கீங்க அண்ணே, மொதப் பேரு உங்க பேருதான்" என்று நோட்டை நீட்டினார்கள். எழுத மாட்டேன் என்றேன்.

"ஏன் அண்ணே?"

"யானை பாவம்டே."

ஒருத்தன் சிரித்தான். "ஆனை பாவம். நாம பாவமில்லை, என்ன?" என்றான். பேசாமல் நின்ற இன்னொருத்தன், பாலிடெக்னிக் படிக்கிறவன், சொன்னான்: "ஒங்க அய்யா காலத்துல முக்குல திரும்பிப் போன ஆனை அண்ணே அது. அதை நம்ம தெருவுல நடக்க வைக்கணும்."

அந்த முக்கைப் பற்றித் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்கு அப்போது எட்டு வயசு. 1996. கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்து அடித்து நொறுக்கி ஒரு வருசம்தான் ஆகியிருந்தது. எங்க பக்கத்து ஊர்களில் எல்லாம் பதட்டம். அந்த வருசம் ஊர் அம்மன் கொடைக்கு முதன்முதலாக யானை கொண்டுவந்தார்கள். நெற்றிப் பட்டம், கழுத்தில் மணி, மேலே வெள்ளிக் குடத்தில் தீர்த்தம். காலையில் தெருத் தெருவாகப் போனது. வீட்டுக்கு வீடு பெண்கள் மஞ்சத் தண்ணியை அதன் காலில் ஊற்றி, அரிசியும் வெல்லமும் தேங்காயும் கொடுத்தார்கள். நாங்க பிள்ளைகள் ஊர்த் தெருவுக்குள் போகாமல் வாய்க்கால் கரை வழியாகவே யானை கூட ஓடினோம். கடைசித் தெரு முடிகிற வேப்பமரத்து முக்கு வரைக்கும் வந்தது. அதுக்கு இந்தப் பக்கம் எங்க தெரு. எங்க அம்மா, சித்தி, பெரியாத்தா எல்லாரும் சொளகில் அரிசியும் குடத்தில் மஞ்சத் தண்ணியுமாக நிற்கிறார்கள். பாகன் கையைக் காட்டி, "அரிசியை அந்தச் சாக்குல கொட்டிருங்க" என்றார். கொட்டினார்கள். யானை திரும்பியது. மஞ்சத் தண்ணியை என்ன செய்வதென்று தெரியாமல் எங்க அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே நின்றது எனக்கு இன்றைக்கும் கண்ணில் இருக்கிறது.

நான் அழுதேன். அய்யா சொன்னார்: "பெரிய உருப்படிலே. நம்ம தெருவுல திரும்ப எடம் பத்தாது." நம்பினேன். பத்து வருசம் கழித்து அதே முக்கைத் தாண்டி வாழைத்தார் ஏற்ற லாரி வந்து திரும்பிப் போனதைப் பார்த்தபோதுதான் அய்யா சொன்ன பொய் புரிந்தது.

அன்றைக்கு ராத்திரி யானையைக் கட்டிப் போட்ட தோப்பில் ஆலங்கொப்பும் தென்னமட்டையும் வெட்டிப் போட்டவர் எங்க அய்யா. காலையில் லத்தியை அள்ளிக் கொட்டியவர் அம்மா. கழுத்து மணியைக் கட்டுகிற தோல்வார் அறுந்துபோய், ராத்திரியோடு ராத்திரியாக அதைத் தைத்துக் கொடுத்தவர் தாத்தா. அவர் தொட்டு வெட்டிய இலையை யானை தின்றது. அவர் தைத்த வார் அதன் கழுத்தில் கிடந்தது. ஆக, தீட்டு அதன் வாய்க்கு இல்லை, வயித்துக்கு இல்லை, கழுத்துக்கும் இல்லை. காலுக்கு மட்டும்தான்.

காலுக்கே வருவோம்.

2022 ஜூலையில் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதிக்குத் தோல் செருப்பு செய்து போட்டார்கள். 52 வயசு யானை. மூட்டுவலி. கல்தரையிலும் தார் ரோட்டிலும் நடந்து நடந்து வந்த நோவு. பக்தர்கள் சேர்ந்து கொடுத்த செருப்பு, 12,000 ரூபாய் மதிப்பு என்று பத்திரிகைகள் படத்தோடு போட்டன. தமிழ்நாட்டில் கோயில் யானைக்குச் செருப்பு என்றதும் எல்லாருக்கும் நெகிழ்ச்சி. எங்க கிளையில் அந்தப் படத்தை எல்லாரும் செல்போனில் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டார்கள். நானும் பார்த்தேன். எனக்கு முதலில் தோன்றியது தொழில்காரன் புத்தி: என்ன தோலு, எத்தனை மடிப்பு, எந்த ஊசியில் தைத்திருப்பான்? நான் படித்த செய்திகளில் கொடுத்தவர்கள் இருந்தார்கள், போட்டுக்கொண்ட யானை இருந்தது, தைத்த கை இல்லை.

ஒரு வருசம் போகட்டும். 2023 டிசம்பர். திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டத்தில் ராஜாவூர். அங்கே கம்பள நாயக்கன் தெரு என்று ஒரு தெரு. அந்தத் தெருவில் அருந்ததியர்கள் தலைமுறை தலைமுறையாகச் செருப்புப் போட்டு நடந்ததில்லை. நடந்தால் சாவு வரும், தெருவுக்குள் பொம்மை புதைத்து வைத்திருக்கிறது என்று பயமுறுத்தி வைத்திருந்தார்கள். சுமார் 60 பேர் ஒன்றாகச் சேர்ந்து, காலில் செருப்போடு, அந்தத் தெருவில் நடந்தார்கள். சைக்கிள் ஓட்டக் கூடாது என்றும் தடை இருந்த தெரு. தோழர்கள் கூட இருந்தார்கள். இது நடந்தது சந்திரனில் நம்ம விண்கலம் இறங்கிய அதே வருசத்தில்.

கணக்கெழுதுகிறவன் நான், கணக்காகவே சொல்கிறேன். 2022 ஜூலையிலிருந்து 2023 டிசம்பர் வரை 17 மாசம். செருப்பு தைக்கிற சாதிக்காரன் அந்த ஒரு தெருவில் செருப்போடு நடப்பதற்கு 17 மாசம் முன்னாடியே யானை செருப்பு போட்டுவிட்டது.

இதைச் சொன்னால் உடனே ஒரு குரல் வரும்: "வாயில்லா ஜீவன் மேலயா ஒனக்குப் பொறாமை?" பொறாமை இல்லைங்க. காந்திமதிக்குச் செருப்பு போட்டதில் எனக்குச் சந்தோசம்தான். வலியெடுத்த காலுக்குச் செருப்பு வேணும், அவ்வளவுதான். என் கேள்வி யானையிடம் இல்லை, செருப்பு போட்டுவிட்ட மனசிடம். அந்த மனசுக்கு ஈரம் இருக்கிறது. நெகிழத் தெரிகிறது. அளவெடுத்து, காசு பிரித்து, தோல் வாங்கித் தைக்கக் கொடுக்கிற பொறுமையும் இருக்கிறது. பிறகு ஏன் ராஜாவூர்க் கால்கள் அதற்குத் தெரியவில்லை? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். யானை கேட்காது. செருப்பைப் போட்டுக்கொண்டு நாளைக்கு உன் தெருவில் வீடு வாங்காது, உன் பிள்ளையைக் காதலிக்காது, வடத்தில் ஒரு முழம் கேட்காது. கேட்காதவனுக்குக் கொடுப்பது சுகம். நாம கேட்கிறோம். அதனால்தான் நமக்கு ஈரம் கிடையாது, இன்ஸ்பெக்டர்தான் உண்டு.

தோலைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், நம்ம சரக்கு இல்லையா. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் வழுவூர். சிவனின் எட்டு வீரட்டானங்களில் ஒன்று. அங்கே சிவனுக்கு யானையை உரித்தவர் என்று பேர். தாருகாவனத்து ரிசிகள் ஏவிய யானையைக் கொன்று, தோலை உரித்து, ரத்தம் சொட்டச் சொட்ட மேலே போர்த்திக்கொண்டார். தேவாரம் பாடியவர்கள் இதைத் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார்கள். செத்த மாட்டை உரித்ததற்கு என் பூட்டனைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். உயிரோடு வந்த யானையை உரித்தவர் கருவறையில் நிற்கிறார். தொழில் ஒன்று. அவருக்கு அது வீரம், எங்களுக்கு அது இழிவு.

அடுத்தது நந்தன். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்கிற கணக்கு இது: ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார், அர்ச்சனைக்குக் கோரோசனை கொடுத்தார். நந்தன் கொடுத்த தோல் உள்ளே போனது, நரம்பு உள்ளே போனது, மாட்டு வயிற்றிலிருந்து எடுத்த கோரோசனை சாமி கிட்டேயே போனது. கொடுத்தவன் வெளியே. தில்லைக்குள் போக அவர் தீக்குள் இறங்க வேண்டியிருந்தது. அது கதை. ஆனால் தோலை உள்ளே விட்டு ஆளை வெளியே நிறுத்துகிற வித்தை கதை இல்லை, காந்திமதி காலில் இருந்த செருப்பு வரைக்கும் அது தொடர்கிறது.

"யானைக்குச் சாதி தெரியாது, எல்லார் தலையிலும்தானே தும்பிக்கையை வைக்கிறது" என்று முற்போக்கு நண்பர் ஒருவர் சொன்னார். உண்மை. யானைக்குத் தெரியாது. ஆனால் யானையை எந்தத் தெருவில் நடத்த வேண்டும், எந்த முக்கில் திருப்ப வேண்டும் என்று நடத்துகிறவனுக்குத் தெரியும். அங்குசம் யார் கையில் என்பதுதான் பேச்சு. யானை காட்டு மிருகமாக இருந்தபோது அதற்குத் தெரு கிடையாது. பிடித்து, பட்டினி போட்டு, அடித்துப் பழக்கி, பட்டம் கட்டிக் கோயில் வாசலில் நிறுத்திய பிறகு அது அரசனின் அடையாளம். கொடி, குடை, சாமரம் மாதிரி. போருக்குப் போன யானை கோயிலுக்குப் போனது, அவ்வளவுதான் மாற்றம். அது வருகிற தெரு அதிகாரத்தின் தெரு. வராத தெரு நம்ம தெரு.

குருவாயூரைப் பாருங்கள். இன்றைக்குக் கேரளம். அன்றைக்குச் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டம். யானைக்கென்றே பேர்போன கோயில். 1922ல் நிலம்பூர் அரச குடும்பம் கேசவன் என்கிற யானையைக் கொண்டுவந்து அந்தக் கோயில் நடைக்குக் காணிக்கை வைத்தது. 1931 நவம்பர் 1ஆம் தேதி அதே நடையில் கோயில் நுழைவுச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கிருஷ்ண பிள்ளை உள்ளே போய் மணி அடித்தார் என்று அடித்தார்கள். தொண்டர் தலைவனாக இருந்த ஏ.கே. கோபாலனையும் அடித்தார்கள். ரெண்டு பேரும் சூத்திர மேல்சாதியில் பிறந்தவர்கள், அவர்களுக்கே அந்த அடி. 1932ல் கேளப்பன் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார், காந்தி கேட்டுக்கொண்டதால் நிறுத்தினார். பொன்னானி தாலுகாவில் சாதி இந்துக்களிடமே வாக்கெடுப்பு எடுத்தார்கள். பெரும்பான்மைப் பேர் திறந்துவிடலாம் என்றுதான் சொன்னார்கள். அப்பவும் திறக்கலை. 1947ல்தான் திறந்தது. கேசவன் உள்ளே போனதற்கும் நம்ம ஆள் உள்ளே போனதற்கும் நடுவில் 25 வருசம். கேசவன் 1976ல் செத்தது. அதற்குச் சிலை இருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

செத்ததைப் பற்றிச் சொன்னதும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. 2022 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சி போகும்போது தெருவில் விழுந்து செத்தது. ஊரே அழுதது. ஆயிரக்கணக்கில் கூட்டம். ஆளுநர் வந்து அஞ்சலி செலுத்தினார். ஊர்வலமாகக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். 2025 ஜனவரி 12ஆம் தேதி நம்ம காந்திமதி செத்தது. திருநெல்வேலி டவுனில் அதே கண்ணீர், அதே பூ. நானும் போய்ப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தக் காலையும் ஒருதடவை பார்த்துவிட்டு வந்தேன்.

அந்த நெரிசலில் நிற்கும்போது எனக்கு நினைவு வந்தது வாணியம்பாடி. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், செத்துப்போன ஒரு தலித்தின் உடம்பைப் பாலத்து மேலிருந்து கயிறு கட்டிக் கீழே ஆற்றுக்கு இறக்கினார்கள் சொந்தக்காரர்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழி சாதி இந்துக்களின் நிலத்துக்குள் போகிறது. வேலி போட்டிருந்தார்கள். அந்தப் படம் வெளியே வந்த பிறகுதான் உயர் நீதிமன்றமே கேட்டது. மாலை போட்ட உடம்பு தொட்டில் மாதிரி கயிற்றில் ஆடிக்கொண்டு இறங்குகிறது. ஒரு யானையின் பிணம் ஊரின் நடுத்தெரு வழியாகப் போகலாம். மனுசப் பிணத்துக்கு அந்தரம்தான் வழி.

தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த யானைப் பாசத்தில் பாகனுக்கும் இடமில்லை. 2018 மே மாசம் சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குள்ளேயே யானை மசினி தன் பாகனை மிதித்துக் கொன்றது. 2024 நவம்பர் 18ஆம் தேதி திருச்செந்தூரில் யானை தெய்வானை பாகனையும் அவருடைய உறவினரையும் கொன்றது. ரெண்டு இடத்திலும் நடையைச் சாத்தினார்கள். பரிகார பூசை செய்து திறந்தார்கள். கூட வளர்ந்து, குளிப்பாட்டி, கவளம் ஊட்டியவன் செத்தால் அதுக்குப் பேர் தீட்டு. தண்ணி தெளித்துக் கழுவிவிட்டுத் தரிசனம் தொடரும். 2021 பிப்ரவரியில் தேக்கம்பட்டி நலவாழ்வு முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர் யானையை மரத்தில் கட்டி வைத்து அடித்த காட்சி வெளியே வந்தது. அடித்த பாகனையும் உதவியாளையும் பிடித்து உள்ளே போட்டார்கள். போட்டது சரி. ஆனால் காட்டில் கூட்டமாக வாழ்கிற மிருகத்தைத் தனியாகப் பிரித்துக் கல்மண்டபத்தில் சங்கிலியில் வருசக் கணக்காகக் கட்டி வைத்தவன் யாருமே குற்றவாளி ஆகலை. 48 நாள் முகாமில் லேகியம் கொடுத்து, எடை பார்த்து, திரும்பவும் லாரியில் ஏற்றி அதே கல்லுக்குத்தான் அனுப்பினார்கள். கொத்தடிமைக்குச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்த மாதிரி. அடிக்கிற வேலையைக் கீழே உள்ளவன் கையில் கொடுத்து, கும்பிடுகிற வேலையை மேலே உள்ளவன் வைத்துக்கொள்வதுதான் சாதியின் பழைய ஏற்பாடு. முதுமலையிலும் ஆனைமலையிலும் யானையைப் பிடிக்கவும் பழக்கவும் குறும்பரும் மலசரும் வேணும். அம்பாரி அவர்களுக்கு இல்லை.

அதனால்தான் பையன்களிடம் "யானை பாவம்டே" என்று சொன்னேன். அது ஜீவகாருண்யம் இல்லை. சங்கிலியில் கிடக்கிற இன்னொருத்தனை வாடகைக்கு எடுத்து நம்ம மானத்தைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான்.

ஆனால் அவர்கள் பக்கம் இருக்கிற நியாயத்தையும் எழுதாவிட்டால் நான் யோக்கியன் இல்லை. பாலிடெக்னிக் பையன் கேட்டான்: "நீங்க டவுன்ல இருக்கீங்க அண்ணே. நெல்லையப்பர் தேர் வடத்தைப் புடிச்சா ஒங்களை யாரும் கேக்கப் போறதில்லை. எங்களுக்கு?" அவன் சொன்னது சரிதான். ஆனித் தேரோட்டத்தில் அந்தக் கூட்டத்துக்குள் நானும் வடம் பிடித்திருக்கிறேன். அவ்வளவு பெரிய தேரை மனுசர்கள்தான் இழுத்தாக வேண்டும், அங்கே கை வேணும், சாதி கேட்டால் தேர் நகராது. 2024 ஜூனில் அந்த வடமே அறுந்து அறுந்து போனது. அதே ஜூனில்தான் சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில், பல வருசம் நின்றுகிடந்த தேர், நீதிமன்ற உத்தரவோடும் போலீஸ் படையோடும் ஓடியது. உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இறகுசேரி என்று நாலு நாட்டாருக்கு அங்கே வடமும் மரியாதையும். அந்த வடத்தைத் தொடுகிற உரிமையைத் தலித்துகள் 1998லிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னாடி 1979ல் உஞ்சனையில் திருவிழாத் தகராறில் நம்ம ஆட்கள் 5 பேரைக் கொன்றார்கள். ஒரு கயிறு. தேங்காய் நார். அதைத் தொட எத்தனை உயிர், எத்தனை வாய்தா!

பாபாசாகேப் இதைப் பார்த்தவர். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயில் சத்தியாக்கிரகம். ஏப்ரலில் ராம நவமித் தேர். ரெண்டு தரப்பும் சேர்ந்து தேர் இழுக்கலாம் என்று ஒப்பந்தம். நம்ம ஆட்கள் கிட்டே வந்ததும் மற்றவர்கள் தேரை இழுத்துக்கொண்டு ஓடினார்கள், கல் பறந்தது. நாலு வருசம் கழித்து, 1934ல், கெய்க்வாடுக்கு எழுதிய கடிதத்தில் அம்பேத்கர் சொன்னதின் சாரம் இது: நம்ம மக்கள் சிலையைக் கும்பிட வேண்டும் என்பதற்காக நான் இதைத் தொடங்கவில்லை, தங்கள் நிலைமையை உணர்ந்து அவர்கள் எழுந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தொடங்கினேன், அது நடந்துவிட்டது, இனி படிப்பிலும் அரசியலிலும் சக்தியைச் செலவிடுங்கள். எனக்கு இது பாடமாகத் தெரியும். பையன்களிடம் சொன்னேன். "சரி அண்ணே. உணர்ந்து எழுந்திருக்கத்தான் ஆனை" என்றான் அவன். என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். யானை எங்க தெருவுக்கு வர வேண்டுமென்றால் ஊர்த் தெரு வழியாகத்தான் வர வேண்டும். வேறு வழி வாய்க்கால் கரை, அதில் ஆள் நடக்கலாம், யானை நடக்காது. அனுமதி கேட்டுப் பையன்கள் காவல் நிலையத்துக்குப் போனார்கள். கூட நானும் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். மனுவைப் படித்தார். ஊர்ப் பெரியவங்களிடமும் பேசிவிட்டாராம். அவர்களுக்கு யானை மேல ஆட்சேபம் இல்லையாம்.

"யானை தாராளமா அந்தத் தெருவுல வரலாம். சாமி மாதிரி, அதை யார் தடுக்கப் போறா? பின்னாடி நீங்க கொட்டு அடிச்சிக்கிட்டு ஊர்வலமா வர்றதுதான் பிரச்சினை. ஒண்ணு செய்ங்க. யானையை முன்னாடி விட்டுருங்க. நீங்க வாய்க்கால் கரை வழியாப் போய் முக்குல நில்லுங்க. அங்க வச்சு சேர்ந்துக்கலாம். இல்லையா, லாரியிலயே கொண்டுவந்து உங்க தெருவுல எறக்கிக்கோங்க."

அந்த வேப்பமரத்து முக்கு. எட்டு வயசில் நான் வாய்க்கால் கரையில் ஓடியது போலவே, இந்தப் பையன்களும் ஓட வேண்டும். அவர்கள் காசில் வருகிற யானை நடுத்தெருவில் நடக்கும்.

வெளியே வந்து டீக்கடையில் யாரும் ஒன்றும் பேசலை. பாலிடெக்னிக் பையன்தான் வரி நோட்டை எடுத்து, யானை வாடகை என்று எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தான். பிறகு என்னைப் பார்த்து, "மனுவை மாத்தி எழுதுங்க அண்ணே, பேங்க் தமிழ்ல" என்றான்.

எழுதினேன். ஊர்வலத்தில் யானை, குதிரை, வாகனம் எதுவும் கிடையாது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், ரெண்டு செட்டுப் பறை. ஊர்வலம் போகும் தெருக்கள் என்ற இடத்தில் ஊரில் இருக்கிற தெருப் பேரை எல்லாம் வரிசையாக எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னது எங்க அம்மா. இப்போது அறுபது தாண்டிவிட்டது, அதுக்கும் காந்திமதி மாதிரி மூட்டுவலி. "எல்லாரும் காலில் செருப்புப் போட்டு வருவார்கள்" என்று எழுதச் சொன்னது. எழுதியிருக்கிறேன்.

தாசில்தார் அலுவலகத்தில் அடுத்த மாசம் சமாதானக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். தேதி இன்னும் சொல்லலை. கூட வர முடிகிற தோழர்கள், மாணவர்கள் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். வரி நோட்டில் என் பேருக்கு நேரே தொகை எழுதிவிட்டேன். யானைக்கென்று பிரித்த காசை என்ன செய்வதென்று பையன்களுக்குள் இன்னும் சண்டை ஓயலை. பறைக்குப் புதுத் தோல் கட்டலாம் என்று ஒரு கட்சி. வக்கீல் செலவுக்கு வைக்கலாம் என்று இன்னொரு கட்சி.